காக்கை தட்டிய தலை

அழகுமலை மாமா திராட்சைப் பந்தலுக்குக் கீழேயே நின்றிருந்தால் எதுவும் நடந்திருக்காது. மருந்தடிக்க வந்த ஆள் பாதி வேலையில் டீ குடிக்கப் போய்விட்டான் என்று கோபப்பட்டு, அவனைத் தேடிக்கொண்டு வெட்டவெளிக்கு வந்தார். வந்த இடத்தில் காக்கை ஒன்று தாழப் பறந்து, அவர் உச்சந்தலையில் பட்டென்று அடித்துவிட்டுப் போனது. அவர் அதை நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தலையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் களத்தில் வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்த அவருடைய தங்கை மலையம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

காக்கை தலையில் அடித்தால் அந்தத் தலைக்காரருக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதற்குப் பரிகாரமும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஆடு கோழி வேண்டாம், கோயிலுக்குப் போக வேண்டாம். ஆள் செத்துப்போனார் என்று தூரத்தில் இருக்கும் சொந்தத்துக்குப் பொய்ச் சேதி அனுப்ப வேண்டும். கேட்டவர் நிஜமாகவே அழ வேண்டும். அழுதுவிட்டால் சாவு வந்து போனதாகக் கணக்கு. அதற்குப் பிறகு, ‘காக்கை தட்டிவிட்டது, அதனால்தான் சொன்னோம், ஆள் நன்றாக இருக்கிறார்’ என்று மறுசேதி போகும். முன்பெல்லாம் தந்தி அடிப்பார்கள். முதல் தந்திக்குப் புரண்டு அழுதவர்கள் அடுத்த தந்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு உலை வைப்பார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நாளைக்கே அவர்கள் தலையிலும் காக்கை உட்காரலாம் அல்லவா?

நான் சொல்வது 2004இல் நடந்தது. அப்போது தந்தியின் இடத்தில் நான் இருந்தேன். என் பெயர் தேவயானி. ஓடைப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஐ.எஸ்.டி. பூத், ஜெராக்ஸ், டைப்பிங், பேக்ஸ் எல்லாம் சேர்ந்த கடை என்னுடையது. ஊர்ச் சேதி அத்தனையும் என் கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்துதான் வெளியே போகும். எனக்குப் பொறுமை குறைவு, காது கொஞ்சம் நீளம். இரண்டையும் என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்.

மலையம்மாள் எனக்கு முறைக்குப் பெரியம்மா. அன்று மதியம் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

“ஆத்தா, இங்கிலாந்துக்கு ஒரு போன் போடு. ஆதித்தனுக்கு.”

“என்ன பெரியம்மா, விசேசமா?”

“எங்கண்ணன் செத்துப்போச்சு.”

எனக்கு ஒரு நிமிடம் மூச்சே நின்றுவிட்டது. ஏனென்றால் சற்றுமுன்தான் அழகுமலை மாமா மொபெட்டில் என் கடையைத் தாண்டிச் சின்னமனூர்ப் பக்கம் போயிருந்தார். கையைக்கூட ஆட்டினார். பெரியம்மா காக்கை விவரத்தைச் சொன்ன பிறகுதான் உயிர் வந்தது.

அழகுமலை மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாலிபத்தில் இங்கிலாந்துக்குப் போனவர். அங்கே ஒரு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றார். மனைவி பவுனு அங்கேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு இருந்த வீட்டை விற்றுவிட்டு, பிறந்த வீட்டில் தங்கையோடு இருக்கலாம் என்று ஓடைப்பட்டிக்கு வந்துவிட்டார். அந்த நாட்டுப் பென்ஷன் சின்னமனூர் பேங்குக்கு வந்துவிடும். ஒரே ஒரு சங்கடம், வேலை வசதிக்காக அந்தக் காலத்திலேயே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தார். ஆகவே காகிதத்தில் அவர் வெள்ளைக்காரர். தான் பிறந்த வீட்டில் தூங்குவதற்கு வருடா வருடம் தேனி எஸ்.பி. ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். போலீஸ்காரர் ஒருவர் வந்து, இவர் இந்த வீட்டில்தான் இருக்கிறாரா என்று அவர் பிறந்த வீட்டு வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போவார். மாமா அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பார். டவுன் பஸ்ஸில் முண்டியடித்து ஏறுபவர்களை, “வரிசையில வாங்கலே” என்று அதட்டுவது தவிர அவரிடம் வெள்ளைக்காரத்தனம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆதித்தன் அவருடைய ஒரே மகன். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. பவுனு இறந்த நாளிலிருந்து அப்படித்தான் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். காரணம் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் எடுத்த முயற்சிகளை எழுதினால் எனக்குத்தான் கேவலம்.

“ஏன் பெரியம்மா, போடியில இருக்காகள்ல ஒங்க சொந்தம், அவுகளுக்குச் சொன்னாப் போதாதா?” என்று கேட்டேன்.

“முந்தாநேத்துத்தான வந்து அண்ணன் கூடச் சீட்டு வெளயாண்டுட்டுப் போனாக. அவுக எங்கன அழப் போறாக? பெத்த பிள்ள அழணும் ஆத்தா. அப்பத்தான் தோசம் அடியோட போகும்.”

பூத்துக்குள் போய் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் எடுத்ததும் ஆரம்பித்த ஒப்பாரியில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. “ஆதித்தா, ஒங்கப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாகய்யா.” நடுவில் கதவைத் திறந்து சாதாரணக் குரலில், “ஆத்தா, சத்தமே வரல, லைன் இருக்கா?” என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு விட்ட இடத்திலிருந்து அழுதார்.

வெளியே வந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: “அழுதாரா?”

“தெரியலையே. எப்பன்னு கேட்டான். காலையிலன்னேன். எப்ப எடுக்கறீகன்னு கேட்டான். வெயில் காலம், வச்சிருக்க முடியாது, சாயங்காலமே எடுத்துருவோம்னேன். சரி அத்தைன்னு வச்சுட்டான்.”

“அப்ப இன்னொரு போன் போட்டுச் சொல்லிருங்க பெரியம்மா. பாவம்.”

“இரு. இன்னும் அழுதிருக்க மாட்டான். ஆம்பளப் பிள்ள, கதவச் சாத்திட்டுத்தான் அழுவான். அழுகாம நம்ம உண்மையச் சொல்லிப்புட்டா அம்புட்டும் வீணாப் போயிரும். சாயங்காலம் வரைக்கும் விடுவோம்.”

சாயங்காலம் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. பெரியம்மா வீட்டுக்குப் போகாமல் பூத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கும் மறுநாள்தான் எடுத்தார். பெரியம்மா இந்த முறை நடிப்பெல்லாம் இல்லாமல், காக்கை தட்டியதையும் பரிகாரத்தையும் ஒரே மூச்சில் கொட்டினார். அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சே இல்லை. பிறகு போன் வைக்கப்பட்டது.

“கோவிச்சுக்கிட்டான். இருக்கட்டும், அப்பன் உசுருதான முக்கியம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கோ மண்டை குடைந்தது. கோபித்தால் அழுதார் என்று அர்த்தமா, அழவில்லை என்று அர்த்தமா? என் வீட்டுக்காரரைக் கேட்டேன். சோற்றைப் போடு என்றார்.

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு வாரம் கழித்து மாமா ஒரு வெளிநாட்டுக் கவரைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். முகம் ஒரு தினுசாக இருந்தது.

“தேவயானி, இதப் படி. எனக்கு மட்டுந்தான் இப்பிடித் தெரியுதான்னு பாக்கணும்.”

படித்தேன். காலஞ்சென்ற திரு. அழகுமலையின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள் என்று ஆரம்பித்திருந்தது. அவருடைய மகன் தகவல் தெரிவித்தபடியால் பென்ஷன் நிறுத்தப்பட்டுள்ளது என்று முடிந்திருந்தது. அந்த நாட்டில் ஒருவர் இறந்தால் நாம் மேளக்காரருக்குச் சொல்லி அனுப்புவதுபோல, முதலில் பென்ஷன் ஆபீசுக்குத்தான் சொல்வார்களாம். நாங்கள் மணி அடித்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் மகன் தன் கடமையைச் செய்துவிட்டார்.

“என் சாவுக்கு எனக்கே துக்கம் விசாரிச்சிருக்கான் பாத்தியா” என்று மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவருக்குச் சிரிப்பு நின்றுபோனது. “மகன் தகவல் தெரிவிச்சானா? அவனுக்கு யாரு சொன்னா?”

பெரியம்மாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். அவர் வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தங்கையை மாமா உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அவன் அழுதானா?”

“தெரியலண்ணே.”

“தெரியலையா? அப்புறம் என்ன பரிகாரம் பண்ணுன நீயி?” என்று எரிந்து விழுந்தார். தோஷத்துக்காகக் கேட்பவர்போல்தான் கேட்டார். நான் நம்பவில்லை.

உடனே ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரு கடிதம் டைப் அடித்து, பேங்க் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி பேக்ஸில் அனுப்பினோம். மரியாதையாகப் பதில் வந்தது. இறந்ததாக மகனே சொல்லியிருப்பதால், தான் சொன்னது தவறு என்று அதே மகன் எழுதித் தர வேண்டும், அதுவரை பென்ஷன் இல்லை. மாமா தோளைக் குலுக்கினார். இருக்கிற பணத்தில் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்றார். அந்த மாதக் கடைசியோடு தங்கும் அனுமதி முடிகிறது என்பது அப்போதுதான் அவருக்கும் எனக்கும் ஞாபகம் வந்தது.

எஸ்.பி. ஆபீசுக்கு நானும் போனேன். டைப் அடிக்கிறவள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று மாமா கூப்பிட்டார். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். வெளிநாட்டவர் பதிவைப் பார்க்கும் ஜெபஷீலா என்ற அம்மாள் தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். பேச்சில் அந்தக் கடைச் சாயல் இருக்கும், துணியை விரித்துக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார்.

“சார், வருமானத்துக்குப் பென்ஷன் லெட்டர் வைக்கணும். பென்ஷன் ஆபீஸ் என்ன சொல்லுது? நீங்க இல்லைன்னு சொல்லுது. இல்லாதவருக்கு நான் எப்படி சார் இருக்க அனுமதி குடுக்கறது?” சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். “ஒரு வழி இருக்கு. உங்க பையன் வந்து, அப்பாவோட செலவு எல்லாத்துக்கும் நான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்தா அனுமதியை நீட்டிச்சுக் குடுக்கலாம். அதுவும் இல்லைன்னா, மாசக் கடைசிக்குள்ள நாட்டை விட்டுக் கெளம்புங்கன்னுதான் நான் எழுத முடியும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா யாரையும் வரிசையில் வரச் சொல்லவில்லை. வீரபாண்டி தாண்டியதும் தானாகவே பேசினார்.

“அங்கன எனக்கு ஒரு வாசப்படி கெடையாது தேவயானி. இருந்தத வித்துப்புட்டுல்ல வந்தேன். இப்பப் போனா, முதியோரு விடுதியில ஒத்த ரூம்ல போட்டு ஹீட்டர் பக்கத்துல ஒக்கார வச்சுருவாக. எவன் பேசறதும் எனக்குக் காதுல ஏறாது, நான் பேசறது எவனுக்கும் புரியாது. இங்கன பொழுதன்னைக்கும் ஒருத்தன் கூடச் சண்ட போட முடியுது பாரு, அதுக்காகவாச்சும் நான் இங்கன இருக்கணும். போனா நான் திரும்ப மாட்டேன். நிசமாவே செத்துருவேன்.”

“மகனக் கூப்பிடுவோம் மாமா.”

“அவன்கிட்டயா? அதுக்கு நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இந்த வயதில் இத்தனை வீம்பா? பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குப் போய் நானே நம்பரைப் போட்டேன். மாமா தடுக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. பூத்துக் கதவுக்கு வெளியே, காலண்டரைப் படிப்பவர்போல முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அந்தப் பக்கம் வந்த குரலைக் கேட்டு நான் அசந்துபோனேன். இங்கிலீஷில் பேச ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவரோ எங்கள் ஊர்க்காரர்களே மறந்துபோன ஓடைப்பட்டித் தமிழில் பேசினார். அப்பா அம்மா பேசியதை மட்டுமே கேட்டு வளர்ந்த தமிழ் அது. அந்தத் தமிழுக்கு டிவியும் தெரியாது, சினிமாவும் தெரியாது.

“நீங்க யாருங்க?”

“பூத்துக்காரி. தேவயானி. ஒங்க அத்தைக்கு மக முறை.” எல்லாவற்றையும் சொன்னேன். அனுமதி முடியப்போவதையும் சொன்னேன்.

“ஒருக்கா செத்துட்டாகன்னீக. ஒருக்கா இருக்காகன்னீக. ரெண்டுமே இந்த போன்லதான் வந்துச்சு. நான் எத நம்ப?”

“அப்பா இங்கனதான் நிக்காக.”

“அப்ப பேசச் சொல்லுங்க.”

கதவைத் திறந்து ரிசீவரை நீட்டினேன். மாமா திரும்பாமலே தலையை ஆட்டினார். நான் கெஞ்சினேன். காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார்.

“பேச மாட்டேங்கறாக” என்றேன்.

“பாத்தீகளா. இங்கன பென்ஷன் ஆபீசுல என்ன கேக்காக தெரியுமா? அப்பா செத்ததுக்கப்புறமும் பணம் வாங்க யாராச்சும் ஒங்கள ஏமாத்துறாகளான்னு கேக்காக. நெசம் தெரியாம, உசுரோட இருக்காகன்னு நான் எழுதிக் குடுத்தா எனக்கு ஜெயிலு.” கொஞ்சம் நிறுத்தினார். “நான் நேர்ல வாரேன். கண்ணால பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

மாமாவிடம் சொன்னேன். “எதுக்கு வாரான்? வண்டிய எப்.சி.க்கு செக் பண்ற மாதிரி நான் ஓடுறேனான்னு செக் பண்ணவா?” என்று கத்தினார். ஆனால் அன்றே சின்னமனூருக்குப் போய் ஒரு புதுக் கட்டிலும் மின்விசிறியும் வாங்கி வந்தார். நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

ஆதித்தன் வந்து இறங்கிய நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. மதுரையிலிருந்து வாடகைக் கார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், மாமாவின் அதே நெற்றி, அதே முறைப்பு. வாசலில் மாமா நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டார்கள்.

“இருக்கீக” என்றார் மகன்.

“இருக்கேன்” என்றார் அப்பா.

அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெரியம்மாதான் கட்டிப்பிடித்து அழுது, முகத்தைத் தடவி, மன்னிப்புக் கேட்டு, எல்லாருடைய பங்கையும் சேர்த்துச் செய்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றை. அந்த மனிதர் அந்த வெயிலில் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார். காது வரை இழுத்துவிட்ட நீலக் குல்லாய். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. சாப்பிடும்போதும் கழற்றவில்லை. பெரியம்மா எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று கிண்ணத்தோடு வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். வழுக்கையாக இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். வழுக்கைக்கு இந்த வெட்கமா? தலையில் ஏதாவது ஆபரேஷனா? அதை மறைக்கத்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தாரா? அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை, அடுத்தவர் வீட்டுக் குல்லாய்க்கு நான் ஏன் விழித்திருக்க வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை என் கடையில் பத்திரம் டைப் அடித்தேன். தந்தையின் தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துப் படித்தார். திருத்தம் ஏதும் சொல்லவில்லை. பென்ஷன் ஆபீசுக்கான வாக்குமூலத்தை அவரே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்: என் தந்தையை நேரில் பார்த்தேன், உயிரோடு இருக்கிறார். அதை பேக்ஸில் அனுப்பிவிட்டு, தேனியில் நோட்டரி முத்திரை வாங்கிக்கொண்டு எஸ்.பி. ஆபீசுக்குப் போனோம். காரில் முன்சீட்டில் மகன், பின்சீட்டில் அப்பா, அவருக்குப் பக்கத்தில் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் பெரியம்மாவும் நானும்.

ஜெபஷீலா பத்திரத்தைப் படித்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டி, போட்டோவைப் பார்த்து, ஆதித்தனை நிமிர்ந்து பார்த்தார். போட்டோவில் அடர்த்தியான சுருட்டை முடியும் மீசையும் இருந்தன. எதிரே இருந்தவருக்கு மீசை இருந்த இடத்தில் இரண்டு மூன்று வாரத்து முள்முடிதான் இருந்தது.

“தொப்பியைக் கழட்டுங்க சார். முகத்தைப் பாக்கணும்.”

ஆதித்தன் குல்லாயின் மேல் கையை வைத்தார். கழற்றவில்லை. “அவுகள வெளிய இருக்கச் சொல்லுங்க. கழட்டுறேன்.”

“யாரை?”

“அப்பாவ.”

மாமா நாற்காலியை நகர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். “நான் எதுக்கு வெளிய போகணும்? எனக்குத் தெரியாம என்னலே மறைக்கிற? ஒடம்புக்கு ஏதும் வந்துருச்சா?”

அந்தக் கடைசிக் கேள்வியில் குரல் உடைந்துவிட்டது. மகன் திரும்பி அப்பாவைப் பார்த்தார். பிறகு குல்லாயை உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

மொட்டை. இப்போதுதான் முளைவிட ஆரம்பித்திருந்த மொட்டை. முடி ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை. நேர்த்தியாக எடுத்த மொட்டையும் இல்லை. பின்மண்டையிலும் காதுக்கு மேலேயும் கத்தி இழுத்துக் காய்ந்த தழும்புகள்.

“அத்தை போன்ல சொன்னாக. அப்பாவுக்கு மகன் மொட்ட எடுக்கணும்ல” என்று ஜெபஷீலாவிடம் சொன்னார். “உசுரோட இருக்கையில அவுக இதப் பாக்கக் கூடாது. ஆகாது. எங்கம்மா சொல்லியிருக்கு.”

“முருகா” என்று பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஜெபஷீலா பேனாவை மூடி வைத்தார்.

மாமா எழுந்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். “ஒங்காத்தா செத்தன்னைக்குக் கால்ல விழாத கொறையாக் கேட்டேனேலே. ஒத்தப் பிள்ள, எடுடான்னு. வேலைக்குப் போகணும், வெள்ளக்காரன் சிரிப்பான், மாட்டேன்னியே. பிள்ள மொட்ட எடுக்காமலே அவ போய்ச் சேந்தா. இதுவரைக்கும் ஒன்கிட்ட நான் பேசல. ஆத்தாளுக்கு மாட்டேன்னவன் எனக்கு எதுக்குலே எடுத்த?”

“அதனாலதான்.”

ஒரே வார்த்தை. அதற்கு மேல் எங்களுக்குத் தேவைப்படவில்லை. நான் இத்தனை வருடம் குடைந்து குடைந்து கேட்ட விஷயம் இதுதான். தெரிந்துகொண்டதில் எனக்குச் சந்தோஷமே இல்லை.

மாமா மகனின் பின்னால் போய் நின்றார். தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். “யாரு எடுத்துவிட்டா?”

“நாந்தான். கண்ணாடியப் பாத்து. அங்கன யாரு இருக்கா?”

பெரியம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “அழுதியாய்யா?” என்று கேட்டேவிட்டார். காக்கை அடித்த நாளிலிருந்து நாங்கள் எல்லாரும் சுமந்துகொண்டிருந்த கேள்வி. தோஷம் கழிந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

“அன்னைக்கு வரல அத்தை. மொட்டையடிச்சுட்டு அப்பிடியே ஒக்காந்திருந்தேன். போன் அடிச்சுச்சு, எடுக்கத் தோணல. அப்புறம் நீங்க கூப்பிட்டு, இருக்காகன்னு சொன்னீகள்ல, அப்பத்தான் வந்துச்சு. பேச முடியல. அதான் வச்சுட்டேன்.”

மாமா அழுதார். சத்தம் போட்டு, எஸ்.பி. ஆபீஸ் என்று பார்க்காமல், மகனின் மொட்டைத் தலையில் கையை வைத்துக்கொண்டே அழுதார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தார். ஜெபஷீலா அவரைப் போகச் சொல்லிச் சைகை செய்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எங்கள் பக்கம் நகர்த்தினார். தன் கண்ணையும் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

எல்லாரும் ஒரு நிலைக்கு வந்த பிறகு ஜெபஷீலா அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். “சார், ஒரு வருஷத்துக்கு எழுதியிருக்கேன். இனி யாரும் உங்களைப் போகச் சொல்ல முடியாது. ஓடைப்பட்டியிலயே நிம்மதியா இருங்க.”

மாமா தாளை வாங்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அம்மா, போயிட்டுத் திரும்பி வாறதுக்கும் சேத்து எழுதிக் குடுங்க.”

“எங்க சார் போறீங்க?”

“இவன் வீட்டுக்கு. முடி வளர்ற வரைக்கும் கூட இருந்துட்டு வாறேன்.”

ஆதித்தன் குனிந்து மடியிலிருந்த குல்லாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபஷீலா இழுப்பறையைத் திறந்து இன்னொரு விண்ணப்பத்தை எடுத்தார்.